கராத்தே ஆசான் கிச்சின் புனாகோஷி

முன்னுரை

முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வங்கள் இருவகைப்படும். நிலம், வீடு, நகை என்பன கையால் வாங்கிப் பெட்டியிற் பூட்டி வைக்கத்தக்கவை. ஆடல், பாடல், மற்போர் முதலிய கலைகளோ அவ்வாறு பூட்டி வைக்க முடியாதவை. அவற்றை வாங்குபவன் தன் உடம்பினாலேயே வாங்க வேண்டும். பின்வருவோனுக்குக் கொடுக்கும்போதும் தன் உடம்பினாலேயே கொடுக்க வேண்டும். ஓர் உடம்பு போல மற்றோர் உடம்பு இராது. ஆதலால் கைமாறுந்தோறும் கலையும் சிறிது மாறுகின்றது. அம்மாற்றம் வளர்ச்சியா, பிழையா? ஆசான் காட்டியதை அணுவும் பிசகாது செய்பவன் நல்ல மாணாக்கனா, அல்லது காலத்துக்கேற்பத் திருத்துபவன் நல்ல மாணாக்கனா? இவ்வினா கலை பயிலும் இளைஞர் எல்லோருக்கும் ஒருநாள் எழுவதே. இதற்குத் தம் எண்பத்தெட்டாண்டு வாழ்க்கையினாலே விடை தேடிய பெரியார் ஒருவரின் சரிதையை நாம் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். அவரே யப்பான் நாட்டிற் கராத்தேயைப் பரப்பிய கிச்சின் புனாகோஷி ஆவார்.

கராத்தே என்றவுடன் ஓடுகளைக் கையால் உடைப்பதும் பலகைகளைப் பிளப்பதுமே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். அவை வேடிக்கைகள். அக்கலையின் உயிர்நிலை காட்டா எனப்படும் வடிவங்களிலே உள்ளது. பயில்வோன் தனியனாய் நின்று, பகைவர் பல திசைகளிலிருந்தும் வருவதாகப் பாவித்து, தடுத்தல், குத்துதல், உதைத்தல், திரும்புதல் என்னும் அசைவுகளை வரையறுத்த ஒழுங்கிற் செய்து முடிப்பதே காட்டா. ஒன்றைச் செய்து முடிக்க இரண்டொரு நிமிடமே செல்லும். ஆனால் அந்த இரண்டொரு நிமிடத்துள் பல தலைமுறைகளின் அனுபவம் அடங்கியிருக்கின்றது. ஏட்டில் எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத காலத்திலே இவ்வடிவங்களே ஏடுகளாய் இருந்தன.

பிறப்பும் இளமையும்

யப்பானின் பெருந்தீவுகளுக்குத் தென்மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒக்கினாவா பெரியது. அது முன்னாளில் ரியூக்கியூ என்னும் தனியரசுக்கு இருப்பிடமாய் விளங்கி, 1879இல் யப்பானின் ஒரு மாகாணமாக ஆக்கப்பட்டது. அவ்வரசின் தலைநகராகிய ஷூரியிலே, 1868ஆம் ஆண்டில், உயர்குடியினராயினும் செல்வம் குன்றிய ஒரு குடும்பத்தின் ஒரே மகனாகக் கிச்சின் பிறந்தார். குறைமாதத்துப் பிள்ளையாதலால் மெலிந்து நோயுற்றிருந்தார். இப்பிள்ளை நெடுநாள் வாழாது என்றே வீட்டார் எண்ணினர். தாய்வழிப் பாட்டனார் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று வளர்த்துச் சீனத்துப் பழைய நீதிநூல்களைக் கற்பித்தார்.

பாடசாலையில் அவரோடு படித்த தோழன் ஒருவன் ஆசாத்தோ என்பவரின் மகன். ஆசாத்தோ அந்நாளிற் கராத்தே வல்லோருள் முதன்மையானவர் எனப் பெயர் பெற்றவர். இக்கலை அக்காலத்தில் வெளிப்படையாகப் பயிலப்படவில்லை. பயில்வோர் இரவிலே, பிறர் அறியாவண்ணம், ஆசானின் முற்றத்திற் கூடினர். இளைஞராகிய கிச்சின் கைவிளக்கொன்றை ஏந்தி இருளிலே நெடுந்தூரம் நடந்து செல்வார், விடியுமுன் திரும்புவார். இரவெல்லாம் வெளியே தங்கி வரும் இப்பிள்ளை தகாத இடங்களுக்குப் போய் வருகின்றான் என அயலார் சிலர் ஐயுற்றனராம். அப்பழியையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

ஆசாத்தோவின் கற்பிக்கும் முறை கடினமானது. அவர் திண்ணையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பார். மாணாக்கன் முற்றத்தில் ஒரு வடிவத்தைச் செய்ய வேண்டும். முடிந்ததும் மறுபடி செய்யுமாறு கட்டளை பிறக்கும். வாரங்கள் செல்லும், சிலவேளை மாதங்களும் செல்லும், அதே வடிவந்தான். இனி நன்று என்னும் ஒரு சொல்லே ஆசான் வழங்கும் உச்சப் புகழ்ச்சி. அச்சொல் வரும்வரை அடுத்த வடிவம் கிடையாது. வியர்வை சொரிய, மனம் நொந்து, அவமானத்தாற் கூசி நின்ற இரவுகள் பலவென்று புனாகோஷி முதுமையிலே நினைவுகூர்ந்திருக்கின்றார்.

ஆசாத்தோவின் நண்பராகிய இத்தோசு அங்கோ என்பவரும் அவருக்கு ஆசானாயினார். அவரிடத்திலே நைகாஞ்சி எனப்படும் மூன்று வடிவங்களைப் பயிலப் புனாகோஷிக்குப் பத்தாண்டுகள் சென்றன. குதிரைமேல் இருப்பவன்போலக் கால்களை அகற்றி முழங்கால்களை வளைத்து நின்று, பக்கவாட்டிலே மட்டும் நகர்ந்து செய்யும் வடிவங்கள் அவை. பார்ப்போருக்கு எளியவை, செய்வோருக்கே அவற்றின் அருமை தெரியும். ஒருமுறை பெரும் புயலொன்று வீசிய நாளில் அவர் கூரைமேல் ஏறி, கோரைப்பாயொன்றைக் காற்றுக்கு எதிரே கேடயம்போற் பிடித்து, அந்த நிலையிலே நின்று தம் கால்களின் உறுதியைச் சோதித்தாராம். காற்று அவரைக் கீழே தள்ளும். சேற்றில் விழுந்தவர் எழுந்து மறுபடியும் ஏறுவார். வடிவம் என்பது அவருக்கு அழகுக்காகச் செய்யும் ஆட்டமன்று, புயலுக்கு முன் நிற்க வேண்டிய ஒன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

குடுமியும் உத்தியோகமும்

வைத்தியக் கல்வி பெறவேண்டும் என்பது அவர் ஆசை. தோக்கியோவிலிருந்த வைத்தியப் பாடசாலையின் பிரவேசப் பரீட்சைக்கு வயதெல்லை இருந்தமையால், தாம் பிறந்த ஆண்டை 1870 எனத் திருத்தி எழுதி அப்பரீட்சையிலே தேறினார். இச்செய்தியை அவரே பின்னாளில் ஒளிக்காது கூறியுள்ளார். ஆனால் வேறொரு தடை எழுந்தது. யப்பானிய அரசு பழைய குடுமியைக் களையும்படி செய்த காலம் அது. குடுமியுள்ளோர் அப்பாடசாலையிற் சேர இயலாது. அவர் குடும்பத்தாரோ குடுமியைக் குலத்தின் மானமாகக் கருதியவர்கள். வைத்தியராகும் ஆசை அத்தோடு முடிந்தது.

சில ஆண்டுகளின் பின், 1888இல், அவர் உதவியாசிரியர் உத்தியோகம் ஏற்றார். ஆசிரியருக்கும் குடுமி கூடாது என்பது விதி. இம்முறை அவர் துணிந்து குடுமியைக் களைந்தார். வீடு திரும்பிய மகனைக் கண்ட தந்தையார் வெகுண்டார். தாயார் அவர் முகத்தைப் பாராமலே பின்வாயில் வழியாய்ப் பிறந்தகம் சென்றுவிட்டார். பெற்றோர் மனத்தை வருத்திய இச்செயல் அவருக்கு எளிதாய் இருந்திராது. ஆயினும் முன்னோர் விட்டுச்சென்ற எல்லா வடிவங்களும் ஒரே தரத்தன அல்ல, சிலவற்றை உயிர்போலக் காக்க வேண்டும், சிலவற்றைக் காலம் கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும் என்னும் பாடத்தை அவர் இருபது வயதிலேயே கற்றுக்கொண்டார் என்று நாம் கருதுகின்றோம். பகலிலே பாடசாலை ஆசிரியராகவும் இரவிலே கராத்தே மாணாக்கராகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வாழ்ந்தார்.

ஓர் ஆசான், பல மாணாக்கர்

இத்தோசு பழமையைப் பேணியவர். எனினும் புதுமை செய்தவரும் அவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கராத்தே ஒக்கினாவாப் பாடசாலைகளிற் புகுந்தது. பழைய வடிவங்கள் நீண்டவை, சிறுவருக்குக் கடினமானவை. ஆதலால் குசாங்கு முதலிய பழைய வடிவங்களின் அசைவுகள் பலவற்றைக் கொண்டு, சிறுவர் பயிலத்தக்க ஐந்து குறுவடிவங்களை அவர் அமைத்தார். அவற்றுக்குப் பினான் என்று பெயர். 1908இல் இக்கலையின் பயன்களைப் பத்துப் பிரிவாக வகுத்து அவர் அரசுக்கு எழுதிய கடிதம் இன்றும் போற்றப்படுகின்றது. 1915இல் அவர் காலமானார்.

அவரிடம் பயின்றோருள் மூவரை இங்கே குறிப்பிட விரும்புகின்றோம். ஒருவர் புனாகோஷி. மற்றவர் ஒக்கினாவாவிலேயே தங்கிக் கற்பித்த சிபானா சோஷின். மூன்றாமவர் பின்னர் ஒசாக்கா நகரிற் குடியேறி ஷித்தோ-ரியூ என்னும் பிரிவை நிறுவிய மபூனி கென்வா. மூவரும் ஓர் ஆசானின் பிள்ளைகள். மூவரும் கற்றவை அதே பினான் வடிவங்கள். ஆயினும் இன்று இம்மூவர் வழிவந்தோரையும் ஒரே மேடையில் நிறுத்தி ஒரே வடிவத்தைச் செய்யச் சொன்னால், பார்ப்போர் வியப்படைவர்.

ஓர் உதாரணம் கூறுவோம். பினான் வடிவம் ஒன்றின் தொடக்கத்திலே பயில்வோன் இடப்புறம் திரும்பி இரு கைகளையும் உயர்த்தித் தடுக்கின்றான். மபூனி வழியினன் அப்போது பூனை நிலையில் நிற்கின்றான். அஃதாவது உடற்பாரத்திற் பெரும்பகுதியைப் பின்காலில் ஏற்றி, முன்காலின் விரல்நுனி மட்டும் நிலத்தைத் தொட, பாயக் காத்திருக்கும் பூனைபோற் குறுகி நிற்கின்றான். புனாகோஷி வழியினனோ கால்களை நீட்டி அகற்றிப் பின்னிலையில் நிற்கின்றான்; பாரத்தின் பத்தில் ஏழு பங்கு பின்காலிலும் மூன்று பங்கு முன்காலிலுமாகப் பகிர்ந்து நிற்கின்றது. அதே வடிவத்திற் சிறிது சென்றபின் ஓர் உதை வருகின்றது. பழைய முறையில் அது முன்னோக்கிய உதை. புனாகோஷி வழியிற் பிற்காலத்தே அது பக்கவாட்டு உதையாயிற்று. நைகாஞ்சியிலும் அவ்வாறே. சிபானா வழியினர் கால்களைச் சிறிதே அகற்றிப் பாதவிரல்களை உள்நோக்கித் திருப்பி உயரமாய் நிற்பர். புனாகோஷி வழியினர் அகன்று, தாழ்ந்து நிற்பர்.

இவற்றுள் எது சரி? பூனை நிலையில் முன்கால் பாரமற்றிருத்தலால் நொடியில் அதனைத் தூக்கி உதைக்கலாம், பின்வாங்குதலும் எளிது. நீண்டு தாழ்ந்த நிலையிலே தொடைகள் வலுப்பெறும், பாய்ச்சலின் தூரமும் கூடும். ஆனால் இடம் மாறச் சற்றே காலம் செல்லும். முன்னுதை நேரே நிற்பவனைத் தாக்குவது. பக்க உதை உடம்பை விலக்கியவாறே தாக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஒரு விலையும் உண்டு. ஆதலால் ஒன்றைச் சரியென்றும் மற்றதைப் பிழையென்றும் வெளியே நின்று தீர்ப்புக் கூறுதல் நமக்கு அரிது.

தோக்கியோ வாழ்க்கை

1921இல் யப்பானிய முடிக்குரிய இளவரசர் ஹிரோஹித்தோ ஐரோப்பா செல்லும் வழியில் ஒக்கினாவாவில் இறங்கினார். அவர் முன்னிலையிலே, ஷூரிக் கோட்டையில், கராத்தே காட்டும் குழுவுக்குப் புனாகோஷி தலைமை தாங்கினார். மறு ஆண்டிலே கல்வி அமைச்சு தோக்கியோவில் ஓர் உடற்பயிற்சிக் கண்காட்சியை நடத்தியபோது, ஒக்கினாவாவின் சார்பில் அவரே அனுப்பப்பட்டார். யூடோவின் தந்தையாகிய கானோ ஜிகோரோ அவரைத் தம் கோடோக்கான் மண்டபத்துக்கு அழைத்து இக்கலையைக் காட்டச் செய்தார். புனாகோஷி அங்கே குசாங்கு வடிவத்தைச் செய்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. சில நாளில் ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர், பலரும் வேண்டியதனால் தலைநகரிலேயே தங்கிவிட்டார். மனைவி உடன் வரவில்லை. முன்னோரின் கல்லறைகளைப் பேணும் கடமையால் ஒக்கினாவாவிலேயே தங்கினார்.

ஒக்கினாவா மாணவர் தங்கிய விடுதியொன்றில் அவருக்குச் சிற்றறை ஒன்று கிடைத்தது. வருவாய் இல்லை. அதற்கீடாக அவர் விடுதியின் காவற்காரராயும் தோட்டக்காரராயும் பணி செய்தார், அறைகளைப் பெருக்கினார். சமையற்காரரைக் கராத்தே பயிலும்படி இணக்கி, அதற்குக் கைம்மாறாகச் சாப்பாட்டுச் செலவிலே சலுகை பெற்றார். ஒருநாள் தம் பழைய தொப்பியையும் ஒக்கினாவாவில் நெய்த அங்கியையும் அடகு வைக்கச் சென்றார். அடகுகடையில் இருந்தவர் எதிர்பாராத பெருந்தொகையைக் கொடுத்தார். அக்கடைக்காரரின் தம்பி தம்மிடம் கராத்தே பயில்பவன் என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது.

மற்றொரு நாள் பத்திரிகை நிருபர் ஒருவர் விடுதிக்கு வந்தார். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த கிழவரைக் கண்டு, கராத்தே ஆசான் எங்கே என வினவினார். கிழவர் விடையிறுத்துவிட்டு மாடிக்குச் சென்றார். உடை மாற்றிக்கொண்டு ஆசானாய் இறங்கி வந்து நிருபரை வணங்கினார். நிருபர் திகைத்துப்போனார் என்பது சொல்லாமலே விளங்கும். துடைப்பம் பிடித்த கையும் ஆசானின் கையும் ஒன்றே என்பதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

1924இல் கெயோ பல்கலைக்கழகத்திலே முதற் கராத்தேச் சங்கம் தோன்றியது; பிற பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. 1922இல் அவர் எழுதிய முதல் நூலின் அச்சுத் தகடுகள் 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்திலே அழிந்தன. அவர் சோர்ந்துவிடாது 1925இல் மறு நூலையும், 1935இற் பெரு நூலொன்றையும் வெளியிட்டார்.

அவர் செய்த மாற்றங்கள்

பிசகாத வடிவத்துக்காகப் பத்தாண்டுகள் முற்றத்திலே நின்ற இம்மனிதர் தாமே அவ்வடிவங்களிற் கைவைத்தார் என்பது நாம் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

முதலிற் பெயர்களை மாற்றினார். பழைய பெயர்கள் சீன ஒலியுடையன. தோக்கியோ மாணவருக்குப் பொருள் விளங்காதன. பினான் ஹேயான் ஆயிற்று. நைகாஞ்சி இரும்புக் குதிரைவீரன் எனப் பொருள்படும் தெக்கி ஆயிற்று. குசாங்கு வானத்தை நோக்குதல் எனப் பொருள்படும் கன்கூ ஆயிற்று. வன்ஷூ பறக்கும் குருவியாகவும், சிந்தோ பாறைமேல் நின்ற கொக்காகவும், செய்சான் அரைத்திங்களாகவும் பெயர் பெற்றன. அடுத்து வரிசையை மாற்றினார். ஐந்து பினான்களுள் முதலாவது, கற்கத் தொடங்குவோருக்கு இரண்டாவதினும் கடினமாய் இருந்தமையால், இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். இதனாலேயே இன்றும் ஒக்கினாவா வழியினன் முதலாவது என்பதைப் புனாகோஷி வழியினன் இரண்டாவது என்கின்றான்.

மூன்றாவதாகக் கலையின் பெயரையே திருத்தினார். கரா என்னும் ஒலி சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டு வந்தது. அதே ஒலியுடைய, வெறுமையைக் குறிக்கும் எழுத்தை அவர் ஏற்றுக்கொண்டார். படைக்கலம் அற்ற வெறுங்கை என்பது ஒரு பொருள். தன்னல நினைவும் தீய எண்ணமும் அற்ற வெறுமையான உள்ளம் என்பது உட்பொருள். பௌத்தர் கூறும் சூனியம் என்னும் கருத்தினின்றே இதனை அவர் விளக்கினார். ஒக்கினாவாவிலே எதிர்ப்பு எழுந்தது. எனினும் 1936 ஒக்டோபரில் நாகா நகரிற் கூடிய ஆசான்மாரும் அவ்வெழுத்துக்கே இணங்கினர்.

இம்மாற்றங்களால் இழப்பும் உண்டாயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குசாங்கு என்பது சீனத்திலிருந்து ஒக்கினாவாவுக்கு வந்த ஒருவரின் பெயரென்பது மரபு. அப்பெயர் போனபோது அந்த அந்நிய ஆசானின் நினைவும் யப்பானிய மாணாக்கனின் மனத்திலிருந்து போயிற்று. சீனத்தோடு யப்பான் பகை கொண்டிருந்த அக்காலத்தின் காற்று இதிலே கலந்திருந்தது என்பதும் உண்மையே.

நான்காவது மாற்றம் அவர் கையால் அன்றி அவர் மகன் கையால் வந்தது. மூன்றாவது மகனாகிய கிகோ இளமையிலேயே காசநோயுற்றவர். ஆயினும் ஆற்றல் மிக்கவர். தந்தையாரின் 1925ஆம் ஆண்டு நூலிலுள்ள நிழற்படங்களிலே நிலைகள் உயர்ந்தும் குறுகியும் காணப்படுகின்றன. கிகோ அவற்றை நீட்டித் தாழ்த்தினார். பக்கவாட்டு உதை, உயர்ந்த உதை முதலியன அவர் காலத்திலே வலுப்பெற்றன. பல்கலைக்கழக இளைஞருக்கு அந்த வேகமும் வலிமையும் பெரிதும் பிடித்திருந்தன. தந்தையோ தமக்குப் பழகிய உயர்ந்த நிலையிலேயே பயின்றார். எனினும் மகனைத் தடுத்து நிறுத்தினாரல்லர்.

அவர் தடுத்ததும் உண்டு. மாணவர் சிலர் காப்புக்கவசம் அணிந்து ஒருவரையொருவர் தாராளமாய் அடித்துப் பழகத் தொடங்கியபோது, தோக்கியோவின் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்துச் சங்கத்திற் கற்பிப்பதையே அவர் விட்டு விலகினார். நிலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது அவருக்குப் பெரிதாய் இருக்கவில்லை. கலை எதற்காகப் பயிலப்படுகின்றது என்பதே பெரிதாய் இருந்தது. கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது அவர் ஓயாது போதித்த கொள்கை. வடிவங்கள் யாவும் தடுத்தலிலேயே தொடங்குகின்றன என்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். வடிவத்தைப் பயிலும்போது கற்பித்தவாறே பிசகின்றிச் செய்ய வேண்டும், மெய்யான சண்டையோ வேறு விடயம் என்பதும் அவர் வகுத்த இருபது விதிகளுள் ஒன்றாகும். மாணாக்கன் பயிலும் காலத்திலே தன் விருப்பப்படி மாற்றுதலை அவர் ஒப்பவில்லை. ஆயினும் தாம் சிறுவயதிற் கற்ற கராத்தேயும் முதுமையிற் காணும் கராத்தேயும் ஒன்றல்ல என்பதை அவரே தம் வரலாற்று நூலிலே ஒப்புக்கொண்டார். பிரிவுகள் எனப்படுவன எல்லாம் தனிமனிதரின் விளக்க வேறுபாடுகளே, கராத்தே ஒன்றே என்றும் வற்புறுத்தினார். தம் வழிக்குத் தாமாக அவர் ஒரு பெயரும் இட்டதில்லை. கவிதை எழுதும்போது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஷோத்தோ. பைன் மரங்களில் வீசும் காற்றின் அலையோசை என்பது அதன் பொருள். மாணாக்கர் அவருக்காகக் கட்டிய மண்டபத்துக்கு ஷோத்தோக்கான் எனப் பெயரிட, அதுவே பிற்காலத்திற் பிரிவின் பெயராயிற்று.

துன்பக் காலம்

1945ஆம் ஆண்டு அவர் வாழ்விற் பேரிடியாய் வந்தது. மாணாக்கர் பொருள் திரட்டிக் கட்டிய மண்டபம் விமானக் குண்டுவீச்சிலே எரிந்து சாம்பராயிற்று. அவர் பிறந்த ஷூரி நகரும் ஒக்கினாவாப் போரிலே பாழாயிற்று. அவ்வாண்டிலேயே கிகோவும் காலமானார். தம்மினும் முன்னே மகன் செல்லக் கண்ட தந்தையின் துயரத்தை நாம் எவ்வாறு எழுதுவோம்? அகதியாகக் கியூஷூ தீவை அடைந்திருந்த மனைவியாரை அவர் பல்லாண்டுகளின் பின் அங்கே சென்று சேர்ந்தார். வறுமையிலே இருவரும் சிறிது காலம் கூடி வாழ்ந்தனர். 1947இல் அவ்வம்மையாரும் மறைந்தார். மனைவியாரின் அஸ்தியோடு அக்கிழவர் தோக்கியோவுக்கு இரயில் ஏறியபோது, வழியிலுள்ள நிலையங்கள் சிலவற்றிலே பழைய மாணாக்கர் வந்து நின்று அஞ்சலி செய்தனர். கட்டிய மண்டபம் இல்லை. ஆனால் கற்பித்த உடம்புகள் இருந்தன.

1949இல் யப்பான் கராத்தேச் சங்கம் அமைக்கப்பட்டபோது அவரே அதன் தலைமை ஆசானாகக் கொள்ளப்பட்டார். எண்பது வயது கடந்தும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. 1957 ஏப்பிரல் 26ஆம் நாள் தோக்கியோவிலே உயிர் நீத்தார். அவர் மறைந்தவுடன் மாணாக்கரிடையே பிளவு முற்றியது. ஈமக்கிரியையை யார் நடத்துவது என்பதிலேயே பிணக்கு எழுந்தது. ஒரு சாரார் போட்டிகளை வெறுத்து ஆசானின் பழைய நெறியைக் காப்பவர் தாமே என்றனர். மற்றொரு சாரார் காலத்துக்கேற்ப வளர்ப்பதே ஆசானின் நெறி என்றனர். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அகில யப்பான் போட்டியையும் நடத்தினர். இரு சாராரும் ஆசானின் பெயரையே ஆணையாகக் கொண்டனர். பிரிவுகளே இல்லை என்று போதித்தவரின் பாடையருகே பிரிவு பிறந்தது. இதனினும் இரங்கத்தக்கது வேறில்லை. 1968இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைவெய்தியபோது, கமகூரா நகரிலுள்ள எங்காக்குஜி ஆலயத்திலே அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. முதல் அடி கிடையாது என்னும் கொள்கை அக்கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

2021ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலே கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. ஆடவருக்கான காட்டாப் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றவர் ஒக்கினாவாவைச் சேர்ந்த கியூனா ரியோ. ஒக்கினாவாவினர் ஒருவர் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை. தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்துக்கு ஒக்கினாவாவிலிருந்து தனியராய் வந்து வடிவம் காட்டிய பாடசாலை ஆசிரியரை அன்று எத்தனைபேர் நினைத்தனரோ! அப்போட்டியிலே பல பிரிவினர் தத்தம் பிரிவின் முறைப்படி வடிவங்களைச் செய்தனர். செய்பவர் தம் பிரிவின் முறைக்கு உண்மையாய் நின்றாரா என்பதும் நடுவர் நோக்க வேண்டியவற்றுள் ஒன்று. வேறுபாடு குற்றமன்று, தான் ஏற்ற முறைக்குள் தளர்ச்சியின்றி நிற்பதே வேண்டும் என்று உலகம் ஒருவாறு ஒப்புக்கொண்டது எனலாம். எனினும் பதக்கத்துக்காக வடிவம் செய்வதைப் புனாகோஷி கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாரோ என்பது ஐயமே.

நாம் சிறுவராய் இருந்தபோது ஆசிரியர் நம் கையைப் பிடித்து எழுத்துக்களின்மேல் எழுதுவித்தார். பின்னர் கொப்பியிலே மேல்வரியைப் பார்த்துக் கீழ்வரிகளை நிரப்பினோம். ஒரு சுழி குறைந்தாலும் அடி விழுந்தது. இன்று நம் ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வொரு விதம். ஆசிரியரின் எழுத்தைப் போல எழுதுபவர் எவரும் இலர். ஆயினும் எல்லோரும் எழுதுவது அதே அகரந்தான், எவரும் வாசிக்கலாம். அந்த அடியின் கண்டிப்பு இல்லாதிருந்தால் நம் எழுத்து நம்முடையதாய் ஆகியிராது, வெறுங்கிறுக்கலாய் இருந்திருக்கும். வடிவமும் அத்தகையதே. பத்தாண்டு முற்றத்திலே நின்றவருக்கே அதனை மாற்றும் உரிமை உண்டு. நில்லாமலே மாற்றுபவன் கிறுக்குகின்றான்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கிறித்தவ வேதத்திலே ஒரு கதை உண்டு. எசமான் கொடுத்த பொன்னை நிலத்திற் புதைத்து வைத்து, வாங்கியவாறே திருப்பிக் கொடுத்த ஊழியன் புகழ் பெற்றானல்லன். அவன் ஒன்றையும் களவாடவில்லை, ஒன்றையும் இழக்கவில்லை, எனினும் கண்டிக்கப்பட்டான். மாற்ற அஞ்சிக் கலையைப் புதைத்து வைப்போருக்கு அக்கதை ஓர் எச்சரிக்கையாகும். புனாகோஷி பெயரை மாற்றினார், வரிசையை மாற்றினார், மகன் நிலையை மாற்றக் கண்டும் பொறுத்தார். ஆனால் முதல் அடி கூடாது என்பதை மட்டும் எவர் கேட்டும் மாற்றினாரல்லர். எதை விடலாம், எதை விடலாகாது என்று பிரித்தறிந்த அறிவிலேதான் அவர் பெருமை தங்கியிருக்கின்றது.

இளைஞராகிய நம் கைகளிலும் எத்தனையோ வடிவங்கள் வந்து சேர்கின்றன. அவற்றை முதலிற் பிசகின்றிக் கற்போமாக. பின்னர், காலம் ஒன்றைக் கேட்கும்போது, அது குடுமியா அல்லது உயிரா என ஆராய்ந்து விடை கொடுப்போமாக.